லண்டன் பயணத்துக்கு இணைய அனுமதி மட்டும் போதுமா?

பாரிஸ் புறநகர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, கேள்விக்கு வேண்டியவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

வாசகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறார். கணவர் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். பத்து வருட வதிவிட அட்டையும் அகதிகளுக்கான பயணப் பத்திரமும் அவரிடம் உண்டு. குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. 14 வயது மகள் பிரெஞ்சுப் பிரஜை. அவளிடம் இருப்பது தேசிய அடையாள அட்டை மட்டுமே. லண்டனில் வாழும் தங்கைக்கு இன்னும் மூன்று மாதங்களில் முதல் பிள்ளை பிறக்க இருக்கிறது. தாயார் உயிரோடு இல்லாததால், பேறுகாலத்தில் துணைக்கு இருக்க அக்காவான வாசகியே போக வேண்டிய நிலை. சம்பளமற்ற விடுப்பு எடுத்து ஐந்து மாதம் தங்கத் திட்டமிட்டிருக்கிறார். தங்கை மாதம் 600 பவுண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். வார இறுதிகளில் தங்கையின் கணவருடைய மளிகைக் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்வதாகவும் பேச்சு. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்குக் கணவரும் மகளும் சில நாள் வந்து திரும்புவார்கள்.

மூவருக்கும் பிரித்தானியா போவதற்கான இணைய அனுமதி எடுத்துத் தருவதாக ஒரு பயண முகவர் ஆளுக்கு 70 யூரோ கேட்கிறார். கணவருக்கும் எடுக்கலாம், பயணப் பத்திரத்தின் இலக்கத்தைப் போட்டுப் பிரஜாவுரிமை பிரான்ஸ் என்று பதிந்தால் போதும் என்பது அவருடைய யோசனை. அனுமதி கிடைத்துவிட்டால் எல்லையில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். மகள் சென்ற வசந்தத்தில் பாடசாலைச் சுற்றுலாவாக அடையாள அட்டையோடு மட்டும் லண்டன் போய் வந்தாளே, இப்போது ஏன் முடியாது என்பது வாசகியின் இன்னொரு கேள்வி. சென்ற ஆண்டு கோடையில் இரண்டு மாதமும், மார்கழியில் மூன்று வாரமும் அவர் லண்டனில் தங்கியிருந்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கையின் பேறுகாலத்தில் பக்கத்தில் இருக்க நினைக்கும் உங்கள் விருப்பத்துக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உங்கள் திட்டத்துக்குள் மூன்று வெவ்வேறு பயணங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மூன்றுக்கும் விதிகள் வேறு. எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முகவர் உங்கள் கணவரைப் பற்றிச் சொன்ன யோசனையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

இந்த அனுமதி எதற்கு உதவும்

பிரித்தானியாவின் மின்னணுப் பயண அனுமதி, ஈ.டி.ஏ. என்று எல்லோரும் சொல்வது, விசா இல்லாமல் குறுகிய காலத்துக்குப் போகக்கூடிய நாட்டவர்களுக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பிரஜைகளுக்கு இது 2025 ஏப்ரல் 2 முதல் கட்டாயமாயிற்று. தொடக்கத்தில் 10 பவுண்டாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரல் 9 முதல் 16 பவுண்டாக உயர்த்தப்பட்டது. கட்டணம் மாறக்கூடியது என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் இருக்கும் தொகையையே கணக்கில் எடுங்கள். அனுமதி இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், அதற்குள் எத்தனை முறையும் போய் வரலாம். ஆனால் அது உங்கள் கடவுச்சீட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கடவுச்சீட்டு முன்னதாகக் காலாவதியானாலோ, புதியது எடுத்தாலோ, மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கு முகவர் தேவையில்லை. அரசின் அலைபேசிச் செயலியில் கடவுச்சீட்டைப் படம் எடுத்து, முகத்தைப் பதிவு செய்து, சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். முடிவு பெரும்பாலும் மூன்று வேலை நாட்களுக்குள் வந்துவிடும். முகவருக்குக் கொடுக்கும் 70 யூரோ அனுமதி கிடைப்பதை எந்த வகையிலும் உறுதிப்படுத்தாது. தவறான தகவல் பதியப்பட்டால் அதன் விளைவு விண்ணப்பதாரரான உங்களைத்தான் சேரும். தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் பல அரசின் தளங்கள் அல்ல என்பதையும் கவனியுங்கள்.

அடுத்ததாக, அனுமதி கிடைத்தால் கேள்வியே கிடையாது என்பது தவறான நம்பிக்கை. இந்த அனுமதி உங்களை ரயிலில் ஏற அனுமதிக்கிறது. நாட்டுக்குள் நுழைய விடுவதா என்பதை எல்லை அதிகாரி தனியாகத் தீர்மானிக்கிறார். அந்த எல்லை உங்களுக்கு லண்டனில் இல்லை. லண்டன் போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏறுகிறவர்களைப் பிரெஞ்சுக் காவல்துறையும் பிரித்தானிய எல்லைப் படையும் பாரிஸின் கார் து நோர் நிலையத்திலேயே அடுத்தடுத்துச் சோதிக்கின்றன. ஆகவே மறுக்கப்பட்டால் ரயிலேறும் முன்பே, பெட்டியோடும் பிள்ளைக்கு வாங்கிய சாமான்களோடும் பாரிஸிலேயே நிற்க நேரும், மறுப்பும் பதிவாகிவிடும். காரில் போனால் இந்தச் சோதனையைத் தவிர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரெஞ்சுத் துறைமுகங்களான கலேயிலும் டன்கேர்க்கிலும் கப்பலேறும் முன்பே பிரித்தானிய அதிகாரிகள் சோதிப்பதற்கு 2003ஆம் ஆண்டின் லு தூக்கே ஒப்பந்தம் வழி செய்திருக்கிறது. கடலுக்கு அடியில் செல்லும் சுரங்க ரயிலுக்கு 1991ஆம் ஆண்டின் சாங்கத் உடன்பாடு இருக்கிறது.

மகளின் அடையாள அட்டை

உங்கள் மகள் பாடசாலையோடு அட்டையை மட்டும் காட்டிப் போய் வந்தது உண்மைதான், அது சட்டப்படியும் சரியானதே. பிரான்சிலிருந்து ஐந்து பேருக்குக் குறையாத மாணவர் குழுவாக, பாடசாலை பூர்த்தி செய்த உரிய படிவத்தோடு வருகிறவர்களுக்கு 2023 டிசம்பர் 28 முதல் தனிச் சலுகை இருக்கிறது. அந்தச் சலுகை குழுவுக்கு உரியது, மாணவிக்கு உரியதன்று. தகப்பனோடு போகும்போது அவளும் மற்றப் பயணிகளைப் போலத்தான். 2021 அக்டோபர் 1 முதல் பிரித்தானியா ஐரோப்பிய அடையாள அட்டைகளைப் பொதுவாக ஏற்பதில்லை. அவளுக்குக் கடவுச்சீட்டும், அதன் மேல் தனி ஈ.டி.ஏ. அனுமதியும் வேண்டும். கைக்குழந்தைக்குக்கூட இந்த அனுமதி தனியாகத்தான். தாய் தகப்பனின் அனுமதி பிள்ளைக்குப் பொருந்தாது.

14 வயது வரையிலான பிள்ளைகளின் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கான முத்திரைக் கட்டணம் 17 யூரோ. நகரசபையில் சந்திப்பு நாள் கிடைக்க வாரங்கள் எடுக்கக்கூடும் என்பதால் இதை முதலில் தொடங்குங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடும் ஒன்று பெயர். தகப்பனின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராக அமைவதால், தாய்க்கு ஒரு குடும்பப் பெயர், தகப்பனுக்கு இன்னொன்று, பிள்ளைக்கு வேறொன்று என்று நம் வீடுகளில் இருப்பது சாதாரணம். எல்லை அதிகாரிக்கு அது சாதாரணமாகத் தெரியாது. சிறுவர் கடத்தலைத் தடுக்கும் பொறுப்பு அவருக்கு இருப்பதால், உறவை நிரூபிக்கும்படி கேட்கலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையோ, லிவ்ரே து ஃபமிய் எனும் குடும்பப் பதிவேட்டையோ தகப்பன் கையில் வைத்திருக்கட்டும். ஒருவேளை அவரால் போக முடியாமல், மகளை வேறொரு உறவினரோடு அனுப்ப நேர்ந்தால், பெற்றோரில் ஒருவர் கையொப்பமிட்ட, பிரான்சை விட்டு வெளியேறுவதற்கான ஒப்புதல் படிவமும், கையொப்பமிட்டவரின் அடையாள ஆவணப் பிரதியும் பிரெஞ்சுச் சட்டப்படி கட்டாயம்.

உங்கள் கணவருக்கு வேண்டியது விசா

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்த பகுதி இதுதான். "அவரும் இருபது வருடமாகப் பிரான்சில்தானே இருக்கிறார், பத்து வருட அட்டையும் உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஈ.டி.ஏ. பிரஜாவுரிமையைப் பார்க்கிறது, வசிக்கும் இடத்தையோ வசித்த காலத்தையோ பார்ப்பதில்லை. பிரான்ஸ் வழங்கிய அகதிப் பயணப் பத்திரம் அவரைப் பிரெஞ்சுப் பிரஜை ஆக்காது. பல ஐரோப்பிய நாடுகளுக்குள் அவர் விசா இல்லாமல் போய் வருவது அந்த நாடுகளின் விதிகளால். பிரித்தானியா அந்த ஏற்பாட்டுக்குள் இல்லை. அவர் அங்கே போவதற்குப் பார்வையாளர் விசா முன்கூட்டியே எடுத்தாக வேண்டும்.

முகவர் சொன்னபடி பிரஜாவுரிமை பிரான்ஸ் என்று பதிந்தால், அது பொய்த் தகவல். ஒருவேளை அனுமதி வந்தாலும், நிலையத்தில் பயணப் பத்திரத்தைக் காட்டும் கணத்தில் அது பயனற்றுப் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து அதற்குப் பின் இருக்கிறது. பிரித்தானிய விதிகளின்படி, விண்ணப்பத்தில் ஏமாற்று இருந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் பத்து ஆண்டுகள் வரை விசா மறுக்கப்படலாம். மறுத்துவிட்ட ஈ.டி.ஏ. முடிவுக்கு எதிராக மேன்முறையீடும் கிடையாது. ஓர் எளிய குடும்ப விழாவுக்காக, தங்கை பிள்ளையின் பத்து வருட வளர்ச்சியையும் அவர் நேரில் பார்க்க முடியாமல் போகும் நிலையை நீங்களே உண்டாக்கிக்கொள்ளக் கூடாது.

நேர்வழி அவ்வளவு கடினமானதன்று. பயண நாளுக்கு மூன்று மாதங்களுக்குள் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆறு மாத விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக ஆக்கப்பட்டது. விரல் அடையாளம் கொடுத்த பின், முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். சம்பளச் சிட்டைகள், தொழில்தருநரின் விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், வருமானவரி அறிவித்தல், வீட்டு வாடகை ஒப்பந்தம், தங்கையின் அழைப்புக் கடிதம், தங்கை அங்கே சட்டப்படி இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். பிரெஞ்சு மொழியில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். இதை விட்டுவிட்டு மறுக்கப்பட்டவர்கள் பலர்.

இங்கே உங்கள் இருவரின் திட்டங்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. கணவரின் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி, மனைவி ஏற்கெனவே மாதக்கணக்கில் லண்டனில் இருக்கிறார், இப்போது கணவரும் பிள்ளையும் வருகிறார்கள் என்பதைக் கண்டால், குடும்பமே இடம் பெயர்கிறதோ என்று ஐயப்படுவது இயல்பு. அதை மறைக்க முயலாமல், விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதத்தில் நேராக எழுதட்டும்: மனைவி தங்கையின் பேறுகாலத்துக்காகப் போயிருக்கிறார், இந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புகிறார், அதுவரை மகளைப் பாரிஸில் பார்த்துக்கொள்வது நான், விழாவுக்காக ஐந்து நாள் மட்டும் போய்த் திரும்புகிறோம். மகளின் பாடசாலைச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பொறுப்பானவர் அவர் என்பதே, அவர் திரும்பி வருவார் என்பதற்கு நல்ல ஆதாரம்.

பராமரிப்பு உதவியும் சம்பளமும்

பார்வையாளராகப் போகும் ஒருவர் உறவினரின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. அதிகாரிகளுக்கான வழிகாட்டுதலே இதைக் குறிப்பிடுகிறது: வருகை குறுகியதாக இருக்க வேண்டும், வருகிறவர் உண்மையான பார்வையாளராக இருக்க வேண்டும், பிள்ளை பராமரிப்பாளராக வேலைக்கு அமர்த்தப்பட்டது போல ஆகிவிடக் கூடாது. ஆகவே அதிகாரி கேட்டால் "தங்கைக்குப் பிள்ளை பிறக்கிறது, உதவிக்குப் போகிறேன்" என்று தயங்காமல் சொல்லலாம். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று மாற்றிச் சொல்லும்படி உறவினர்கள் அறிவுரை சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தேவையற்ற பொய். சட்டப்படி சரியான ஒரு காரணத்தை அந்தப் பொய் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிடும்.

மாதம் 600 பவுண்டு என்ற பேச்சுத்தான் பிரச்சினை. வீட்டில் தங்க இடம், சாப்பாடு, ரயில் கட்டணம் ஆகியவற்றைத் தங்கை பார்த்துக்கொள்வதில் தவறில்லை; பார்வையாளரை உறவினர் ஆதரிக்கலாம் என்பதை விதிகள் ஏற்கின்றன. மாதந்தோறும் குறித்த தொகை கைமாறும்போது அது சம்பளமாகப் பார்க்கப்படும். தங்கை நன்றியாகவே தர நினைக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் ஏற்பாட்டின் வெளித்தோற்றம் வேலை ஒப்பந்தமாகவே இருக்கிறது, அதை எழுதியும் பேசியும் வைத்திருக்கிறீர்கள். அந்தத் தொகையை முற்றாகக் கைவிட வேண்டும் என்பதே என் ஆலோசனை.

கடை விடயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: ஒரு மணிநேரம்கூட கல்லாவில் நிற்க வேண்டாம். குடும்பக் கடை என்பதற்கு விலக்கு இல்லை. சம்பளம் வாங்காமல் நின்றாலும் அது ஒரு வியாபாரத்துக்குச் செய்த வேலையே. அனுமதியின்றி வேலை செய்வது 2016ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் கீழ் குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. தங்கையின் கணவருக்கு ஏற்படக்கூடிய நட்டம் இதைவிடப் பெரியது. 2024 பெப்ரவரி 13 முதல், அனுமதியில்லாத ஒருவரை வேலைக்கு வைத்த தொழில்தருநருக்கு முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரையும், மீண்டும் நடந்தால் 60,000 பவுண்டு வரையும் அபராதம் விதிக்கலாம். ஒரு சிறு மளிகைக் கடை அந்தத் தொகையைத் தாங்காது. வார இறுதிக்கு ஆள் தேவையென்றால், அங்கே வேலை உரிமை உள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஐந்து மாதம் என்று சொல்லும்போது

ஒரு வருகைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம் என்பதால் ஐந்து மாதம் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 180 நாள் என்ற கணக்கு பிரித்தானியப் பார்வையாளர் விதிகளில் கிடையாது. அதனால், "ஒரு நாள் பாரிஸுக்கு வந்து போனால் புதிதாக ஆறு மாதம் தொடங்கும்" என்றும் பலர் நம்புகிறார்கள். விதி வேறு விதமாகப் பேசுகிறது: அடிக்கடியும் அடுத்தடுத்தும் வந்து, பிரித்தானியாவையே தன் முக்கிய வசிப்பிடமாக ஆக்கிக்கொள்ளும் ஒருவர் பார்வையாளர் அல்லர். சென்ற ஆண்டின் இரண்டு வருகைகளோடு இந்த ஐந்து மாதத்தையும் சேர்த்தால், இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டு மாதம் ஆகிறது. இது தன்னளவில் மறுப்புக்குக் காரணம் ஆகாது. கேள்விகளுக்குக் காரணம் ஆகும். கடவுச்சீட்டில் முத்திரை குத்தாததால் யாருக்கும் தெரியாது என்று எண்ண வேண்டாம். தானியங்கி வாயிலால் நுழைந்தாலும் பதிவு இருக்கிறது, நாட்டை விட்டு வெளியேறும் விவரங்களும் 2015 முதல் சேகரிக்கப்படுகின்றன. தானியங்கி வாயில் யாருடைய கேள்வியும் இல்லாமல் திறந்துவிட்டாலும், வேலை செய்யக் கூடாது, அரச உதவிப் பணம் பெறக் கூடாது என்ற நிபந்தனைகள் உங்கள் மீது இருக்கின்றன.

என் தனிப்பட்ட கருத்து, முடிந்தால் முதல் பயணத்தை இரண்டரை அல்லது மூன்று மாதத்தோடு நிறுத்துவது நல்லது. பிள்ளை பிறந்த முதல் வாரங்களில்தான் தங்கைக்கு உங்கள் கை அதிகம் தேவைப்படும். மகளையும் ஐந்து மாதம் பிரிந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து மாதமும் இருந்தே ஆக வேண்டும் என்றால், வேலைக்குத் திரும்பும் தேதி குறிப்பிட்ட விடுப்புக் கடிதம், திரும்பும் பயணச்சீட்டு, பாரிஸ் வீட்டின் வாடகை ஆதாரம், சம்பளமில்லாத காலத்துக்குப் போதிய சேமிப்பைக் காட்டும் வங்கி விவரம் ஆகியவற்றைக் கையில் எடுத்துப் போங்கள். அலைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் காகிதத்திலும் வைத்திருங்கள்.

மருத்துவம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு மருத்துவக் காப்புறுதி இலவசமாகத் தரும் ஐரோப்பிய மருத்துவ அட்டை, பயணத்தின்போது தவிர்க்க முடியாமல் தேவைப்படும் சிகிச்சைக்குப் பிரித்தானியாவில் இன்னும் செல்லும். போகும் முன் உங்களுக்கும் மகளுக்கும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய சுகாதார சேவைக்கு 500 பவுண்டு அல்லது அதற்கு மேல் கட்டாமல் விட்ட கடன் இருந்தால், அதுவே பிற்காலத்தில் ஈ.டி.ஏ. மறுக்கப்படக் காரணமாகலாம். சென்ற ஆண்டு அங்கே மருத்துவமனைக்குப் போயிருந்து, ஏதாவது கட்டணச் சிட்டை தங்கை வீட்டுக்கு வந்திருந்தால், விண்ணப்பிக்கும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள்.

முகவரிடம் நீங்கள் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். ஆனால் மூவரின் ஆவணப் பிரதிகளும் அவரிடம் இருக்கின்றன. கணவர் பெயரில் எந்த விண்ணப்பமும் அனுப்ப வேண்டாம் என்று இன்றே எழுத்தில் அறிவித்து, அந்தச் செய்தியைப் பத்திரமாக வைத்திருங்கள். அதற்குள் அவர் அனுப்பிவிட்டிருந்தால், கணவரின் விசா விண்ணப்பத்தில் அதை மறைக்காமல், தமக்குத் தெரியாமல் மற்றொருவரால் தவறாக அனுப்பப்பட்டது என்பதை அந்தச் செய்தியின் பிரதியோடு விளக்க வேண்டும். அப்படி நேர்ந்திருந்தால், விசா விண்ணப்பத்தைத் தொடங்கும் முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரை நேரில் சந்தித்து, முகவர் பதிந்த விவரங்களின் பிரதியை அவரிடம் காட்டுங்கள்.